கோரலும் போட்டோஷாப்பும் தெரியும். அடுத்து எதைப் படிப்பது?

"அண்ணே, பதினோரு வருசமா கோரல்தான். கல்யாணப் பத்திரிகை, பில் புக், ஃபிளெக்ஸ், எல்லாம் போடுவேன். சம்பளம் மட்டும் நகர மாட்டேங்குது. ஃபிக்மா படிக்கவா, இல்ல வீடியோ பக்கம் போகவா?"

மதுரையில் ஒரு ஃபிளெக்ஸ் கடையில் வேலை பார்க்கும் தம்பி கேட்டது இது. அதே மாதத்தில் இன்னும் இருவர் ஏறக்குறைய இதையே கேட்டார்கள். ஒருவர் சிவகாசியில் அட்டைப்பெட்டி டிசைன் செய்பவர். இன்னொருவர் சென்னைப் பெண். புத்தக லே அவுட் செய்துகொண்டிருந்தவர், குழந்தைக்காக நான்கு வருடம் வேலையை விட்டுவிட்டு இப்போது திரும்பி வர நினைக்கிறார். மூவருக்கும் ஒரே பதிலைச் சொல்லியிருந்தால் குறைந்தது இருவரின் ஒரு வருடத்தை வீணடித்திருப்பேன். அதனால் இன்டிசைன், ஃபிக்மா, ஆஃப்டர் எஃபெக்ட்ஸ், பிளெண்டர் என்ற நான்கையும் வைத்து விரிவாகவே எழுதிவிடுகிறேன்.

நானும் அந்தக் கூட்டம்தான். திருவல்லிக்கேணியில் ஓர் அச்சகத்து மாடியில், பக்கம் அமைக்கும் மென்பொருளான பேஜ்மேக்கரில் தொடங்கியவன். அதன்பிறகு மூன்று மென்பொருள் மாறினேன். அதில் ஒன்று முழுக்க வீண். அந்தக் கதை கீழே வரும். இத்தனை வருடத்தில் எனக்குப் புரிந்த ஒன்று: புது மென்பொருள் தெரிந்துவிட்டது என்று எந்த முதலாளியும் சம்பளத்தைக் கூட்டித் தருவதில்லை. அது தெரிந்ததால் நாம் வேறு யாரோ ஒருவரின் மேசைக்குப் பக்கத்தில் போய் உட்காருகிறோம். பதிப்பாசிரியர் பக்கத்தில், புரோகிராமர் பக்கத்தில், வீடியோ எடிட்டர் பக்கத்தில். அந்த மேசையில் என்ன சம்பளம் புழங்குகிறதோ அதில் ஒரு பங்கு நமக்கும் வருகிறது. ஆகவே மென்பொருளின் பெயரைவிட, அது எந்த மேசைக்குக் கொண்டுபோகும் என்று பார்ப்பதுதான் முதல் வேலை.

## எதை வைத்து எடை போடுவது

முதலில், இப்போது கையில் இருக்கும் அறிவில் எவ்வளவு கூட வரும்? பத்து வருடம் டிடிபி (கணினியில் அச்சுப் பக்கம் அமைக்கும் வேலை) செய்தவர் சும்மா இருந்தவர் இல்லை. சிஎம்ஒய்கே என்ற அச்சு நிறக் கணக்கு தெரியும், வெட்டும் கோட்டுக்கு வெளியே விடும் பிளீட் தெரியும், கடைசி நேரக் கரெக்ஷனில் எங்கே தப்பு நுழையும் என்று தெரியும். இதையெல்லாம் குப்பையில் போட்டுவிட்டுப் பூஜ்யத்திலிருந்து தொடங்கினால், இருபத்தொரு வயதுப் பையன்களோடு அவர்கள் சம்பளத்துக்கே போட்டியிட வேண்டும்.

இரண்டாவது, மொத்தச் செலவு. சந்தா மட்டும் செலவில்லை. கணினியும் செலவு, மாலையில் வீட்டுக்கு எடுத்துவந்து செய்யும் ஜாப் ஒர்க்கை விட்டுவிட்டுப் பழகும் மாதங்களும் செலவு.

மூன்றாவது, உங்கள் ஊரிலிருந்தோ வீட்டிலிருந்தோ எட்டும் தூரத்தில் அந்த வேலை இருக்கிறதா, அவர்கள் என்ன காட்டச் சொல்கிறார்கள் என்பது. நான்காவது, தமிழ். அந்த மென்பொருளில் தமிழ் எழுத்து உடையாமல் வருகிறதா? வேறு மொழிக்காரர்களுக்கு இந்தக் கேள்வி வேடிக்கையாக இருக்கலாம். நமக்கு அதுதான் பிழைப்பு.

ஐந்தாவது ஒன்றும் உண்டு: அந்த மென்பொருள் எத்தனை வருடம் உயிரோடு இருக்கும்.

## இன்டிசைன்: இருக்கும் தொழிலுக்குள்ளேயே ஒரு படி மேலே

பேஜ்மேக்கர் 2001இல் வந்த 7ஆம் பதிப்போடு நின்றுபோனது. அதன் இடத்தில் அடோபி நிறுவனம் கொண்டுவந்த இன்டிசைன் 1999லேயே வந்துவிட்டது. ஆனாலும் நம் ஊர் அச்சகங்கள் பேஜ்மேக்கரை விடாமல் பிடித்துக்கொண்டிருந்ததற்குச் சோம்பல் மட்டும் காரணமில்லை. நம்மிடம் இருந்தவை பாமினி, டாம், வானவில் போன்ற பழைய முறை எழுத்துருக்கள். அவை பேஜ்மேக்கரில் ஓடின; எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடு ஓடவில்லை. இன்டிசைனில் யூனிகோடு தமிழ் ஒழுங்காக வந்தது 2012இல் வெளியான சிஎஸ்6 பதிப்பிலிருந்துதான்.

அதுவும் தானாக வராது. நான் முதல்நாள் திறந்து "கொடுக்கல் வாங்கல்" என்று தட்டினேன். கொம்பு ககரத்துக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய் ஒட்டிக்கொண்டது. எழுத்துருவில் கோளாறு என்று நினைத்து நான்கு எழுத்துரு மாற்றிப் பார்த்தேன், அதே கோலம். பிறகுதான் தெரிந்தது: பாராகிராஃப் பேனலின் மூலையில் இருக்கும் மெனுவைத் திறந்து, வேர்ல்டு ரெடி பாராகிராஃப் கம்போசர் என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒரு சொடுக்கு, பக்கம் முழுக்கக் கொம்புகள் அதனதன் இடத்துக்கு ஓடிவந்து நின்றன. ஃபைல் எதுவும் திறக்காத நிலையில் இதைச் செய்துவிட்டால், அடுத்து உருவாக்கும் எல்லா ஃபைலுக்கும் அதுவே நிலைத்துவிடும். பாரா ஸ்டைலிலும் ஜஸ்டிஃபிகேஷன் பகுதிக்குள் இதை வைத்துவிடலாம்.

டிடிபிக்காரருக்கு இங்கே ஏறக்குறைய எல்லா அறிவும் கூட வருகிறது. மாஸ்டர் பேஜ், காலம், மார்ஜின், பாரம் கணக்கு எல்லாம் பழசுதான். புதிதாகப் படிக்க வேண்டியவை மூன்று. ஒன்று, பாரா ஸ்டைல்: தலைப்பு, பத்தி இவற்றின் தோற்றத்தை ஒருமுறை அமைத்து எல்லா இடத்திலும் பயன்படுத்துவது. பேஜ்மேக்கரிலும் இருந்தது, ஆனால் நம்மில் பாதிப்பேர் அதைத் தொட்டதே இல்லை. ஒவ்வொரு தலைப்பையும் கையால் தடிமனாக்கிப் பழகியவர்கள். இரண்டு, கிரெப் தேடல், அதாவது ஒரே மாதிரி அமைந்த எழுத்துகளைத் தேடி மாற்றுவது. நானூறு பக்க நாவலில் நிறுத்தற்குறிக்கு முன்னால் விழுந்திருக்கும் வெற்றிடங்கள் அத்தனையையும் ஒரே வரியில் துடைக்கலாம். மூன்று, டேட்டா மெர்ஜ். பள்ளி அடையாள அட்டை ஆயிரத்து இருநூறு போட வேண்டும் என்றால், எக்செல் பட்டியலை சிஎஸ்வியாகச் சேமித்துக் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போகலாம். இந்த மூன்றும் கைவந்தால் ஆபரேட்டர் என்ற பெயர் போய் லே அவுட் ஆர்ட்டிஸ்ட் என்ற பெயர் வரும். பதிப்பகம், பத்திரிகை, பாடநூல் வேலை எல்லாம் அந்தப் பெயருக்குத்தான் வருகின்றன. ஸ்டைல் ஒழுங்காகப் போட்ட ஃபைலிலிருந்தே இபப் என்ற மின்னூலும் எடுக்கலாம்; பதிப்பகங்கள் இதற்குத் தனிக்கூலி தருகின்றன.

மறைந்திருக்கும் செலவுகளைச் சொல்லிவிடுகிறேன். பழைய பேஜ்மேக்கர் ஃபைல்களை சிஎஸ்6 வரைதான் திறக்க முடியும். இப்போதைய பதிப்புகள் திறக்காது. பழைய எழுத்துருவில் இருக்கும் பிரதிகளை யூனிகோடுக்கு மாற்ற வேண்டும். என்எச்எம் கன்வர்ட்டர் போன்றவை இலவசமாகவே மாற்றித்தரும். ஆனால் நடுவில் ஆங்கிலச் சொல் இருந்தால் அதையும் தமிழென்று நினைத்துக் குதறிவிடும். மாற்றிய பிறகு ஒருமுறை மெய்ப்புப் பார்க்காமல் பிளேட்டுக்கு (அச்சுத் தகட்டுக்கு) அனுப்பினால் தலைவலிதான். தட்டச்சைப் பற்றிப் பயம் வேண்டாம்: என்எச்எம் ரைட்டரில் பழைய தட்டச்சு முறையிலும் பாமினி முறையிலும் யூனிகோடு அடிக்கலாம். விரல்களுக்குப் புதிதாக எதையும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை.

அப்புறம் சந்தா. அடோபியில் "வருடத் திட்டம், மாதாமாதம் கட்டணம்" என்று ஒன்று உண்டு. மாதச் சந்தா என்று நினைத்துப் பலர் அதில் சேர்ந்துவிடுகிறார்கள். முதல் 14 நாள் கழித்து நடுவில் விலகினால், மீதி மாதங்களுக்கான தொகையில் பாதியைக் கேட்பார்கள். இந்தக் கட்டணத்தைத் தெளிவாகச் சொல்லவில்லை, விலகுவதையும் கடினமாக்கியது என்று 2024இல் அமெரிக்க அரசு அந்த நிறுவனத்தின் மேல் வழக்குப் போட்டது. சேரும்போதே எந்தத் திட்டம் என்று பார்த்துச் சேருங்கள்.

என் கணக்கில் மாலை நேரம் மட்டும் உட்கார்ந்தாலும் இரண்டு மாதம் போதும். நான்கில் மிகக் குறுகிய வழி இது. ஆனால் உச்சவரம்பும் சீக்கிரம் வந்துவிடும்: தமிழ்ப் பதிப்புலகத்தில் எவ்வளவு பணம் புழங்குகிறதோ அவ்வளவுதான் அங்கே ஏற முடியும்.

## ஃபிக்மா: தொழிலையே மாற்றுவது

எல்லோரும் கேட்பது இதைத்தான். செல்போன் செயலி, இணையதளம் ஆகியவற்றின் திரைகளை வரைவதற்கானது. உலாவியிலேயே ஓடுகிறது, 8 ஜிபி மடிக்கணினி போதும், தனியாகப் பழக இலவசக் கணக்கு போதும். 2016இல் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள். 2022இல் அடோபி 2,000 கோடி டாலருக்கு இதை வாங்கப்போவதாக அறிவித்தது. ஐரோப்பிய, பிரிட்டிஷ் போட்டிக் கட்டுப்பாட்டு அமைப்புகளின் எதிர்ப்பால் 2023 டிசம்பரில் அந்தப் பேச்சு கைவிடப்பட்டது.

இங்கேதான் என் வீண்கதை. அடோபியிடம் எக்ஸ்டி என்று இதே வேலைக்கான மென்பொருள் ஒன்று இருந்தது. ஒரு பயிற்சி நிலையத்தில் கட்டணம் கட்டி, நான்கு மாதம் சனி ஞாயிறு போய் அதைப் படித்தேன். 2023இல் எக்ஸ்டியைத் தனியாக விற்பதை அடோபி நிறுத்திவிட்டது. புதிதாக எதுவும் சேர்க்கவும் இல்லை. இதற்கு முன்பே வேலை விளம்பரங்கள் எல்லாம் ஃபிக்மா, ஃபிக்மா என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தன. அந்தப் பயிற்சி நிலையம் அதை ஒருநாளும் வாய்திறந்து சொல்லவில்லை. நானும் விளம்பரங்களைப் படிக்கவில்லை. சான்றிதழ் பீரோவில் இருக்கிறது, நல்ல ஆர்ட் பேப்பர். ஆகவே, பணம் கட்டுவதற்கு முன்னால் உங்களுக்கு வேண்டிய வேலைக்கான விளம்பரங்கள் இருபதைப் படித்துவிட்டு, எந்த மென்பொருள் பெயர் எத்தனை தடவை வருகிறது என்று தாளில் கோடு போட்டு எண்ணுங்கள். ஒரு மணி நேர வேலை.

ஃபிக்மாவின் கருவிகளைக் கற்பது எளிது. மூன்று வாரத்தில் ஃபிரேம், காம்பொனென்ட், ஆட்டோ லே அவுட், புரோட்டோடைப் எல்லாம் வந்துவிடும். அதனால்தான் ஏமாந்துபோகிறோம். வேலை கொடுப்பவர் கேட்பது "ஏன் இந்தப் பொத்தானை இங்கே வைத்தாய்?" என்ற கேள்விக்குப் பதில். பயனர் நாலு பேரிடம் பேசினாயா, என்ன சொன்னார்கள், எதை மாற்றினாய் என்று ஒரு கதையாகச் சொல்ல வேண்டும். பத்து வருடமாக "கஸ்டமர் சொன்னார், போட்டேன்" என்று வாழ்ந்த நமக்கு இது கடினம். இப்படி இரண்டு மூன்று வேலைகளைச் செய்து, எழுதி, போர்ட்ஃபோலியோவாக்க (வேலை கேட்கும்போது காட்டும் தொகுப்பாக்க) ஆறு மாதமாவது ஆகும். நேர்காணல் பெரும்பாலும் ஆங்கிலத்தில். பழைய அனுபவத்தில் பாதியை அவர்கள் கணக்கில் எடுக்காமல், தொடக்கநிலைச் சம்பளம் சொல்வார்கள். வீட்டில் இன்னொரு வருமானம் இருந்தால் தாங்கலாம்.

இவ்வளவும் சொல்லிவிட்டு ஒரு நல்ல செய்தி: நம்மிடம் இருக்கும் தமிழறிவுக்கு இங்கே எதிர்பாராத மதிப்பு உண்டு. ஆங்கிலத்தில் "சப்மிட்" என்று ஆறு எழுத்துக்கு வரைந்த பொத்தானில் "சமர்ப்பிக்கவும்" என்று போட்டுப் பாருங்கள். 360 பிக்சல் அகலத் திரையில் இரண்டு பொத்தான் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால், ஒன்று உடைந்து இரண்டாம் வரிக்குப் போகும். வரி இடைவெளியை ஆங்கிலத்துக்கு வைத்ததைப் போலவே நெருக்கி வைத்தால் மேல்வரியின் 'மூ', 'கூ' கால்கள் கீழ்வரியின் 'தி', 'கீ' கொக்கிகளில் இடிக்கும். சில செயலிகளில் சுழி பாதியில் வெட்டுப்பட்டே நிற்கிறது. டிடிபிக்காரன் கண்ணுக்கு இது ஒரு நொடியில் தெரியும். மொழி தெரியாத டிசைனருக்குத் தெரியவே தெரியாது. ஃபிக்மாவில் கூகுள் எழுத்துருக்கள் கூடவே வருவதால் நோட்டோ சான்ஸ் தமிழ், கடமரன், முக்தா மலர், பாலூ தம்பி எல்லாம் நிறுவாமலேயே கிடைக்கும், கொம்பும் உடையாது. பல மொழிகளில் வெளியாகும் ஒரு செயலியின் தமிழ்த் திரைகளைச் சீர்செய்து காட்டுவதையே முதல் போர்ட்ஃபோலியோ வேலையாக வையுங்கள். நூறு பேர் உணவு டெலிவரி செயலியைத் திருப்பி வரைந்து கொண்டுவரும் இடத்தில் அது தனியாகத் தெரியும்.

வேலை இருக்கும் இடம் என்றால் சென்னை, கோவை, பெங்களூர். வீட்டிலிருந்தே செய்யும் வேலைகளும் உண்டு. ஆனால் முதல் வேலையே அப்படிக் கிடைப்பது அரிது.

## ஆஃப்டர் எஃபெக்ட்ஸ்: கூலி வேலையிலிருந்து பிராஜெக்ட் வேலைக்கு

எழுத்தையும் படத்தையும் அசையவிட்டு வீடியோவாக்கும் மென்பொருள். போட்டோஷாப்பில் லேயர், மாஸ்க், பிளெண்டிங் மோடு தெரிந்தவருக்கு இது தூரத்துச் சொந்தம். போட்டோஷாப்பின் பிஎஸ்டி ஃபைலை அப்படியே உள்ளே எடுத்தால் லேயர்கள் தனித்தனியாக வந்து நிற்கும். காலக்கோடு மட்டும் புதிது. ஃபிளெக்ஸ் கடைக்காரர்களுக்கு இதைத்தான் நான் முதலில் சொல்வேன். காரணம், வாடிக்கையாளர் அதே ஆள். பேனர் அடிக்க வந்த கல்யாண வீட்டுக்காரர்தான் வாட்ஸாப்பில் அனுப்ப அழைப்பிதழ் வீடியோவும் கேட்கிறார், மண்டபத்து எல்இடி திரையில் ஓட ஒரு நிமிடமும் கேட்கிறார். புது ஆளைத் தேடி அலைய வேண்டியதில்லை.

கணினிதான் இங்கே செலவு. 16 ஜிபி ரேம் குறைந்தபட்சம், 32 இருந்தால்தான் நிம்மதி. எஸ்எஸ்டி கட்டாயம். கடைக் கணினியில் பழகலாம் என்று நினைக்காதீர்கள். ரெண்டர், அதாவது கணினி இறுதி வீடியோவை உருவாக்கும் வேலை, ஓடும்போது அதில் வேறு எந்த வேலையும் செய்ய முடியாது, முதலாளி முகம் மாறிவிடும். இன்னொரு மறைமுகச் செலவு திருத்தங்கள். பத்திரிகையில் மாமா பெயரை மாற்ற இரண்டு நிமிடம். வீடியோவில் மாற்றினால் மறுபடியும் ரெண்டர். விலை பேசும்போதே இத்தனை திருத்தம்தான் என்று எழுதி வாங்கிவிடுங்கள்.

தமிழ் எழுத்தை ஒவ்வொன்றாக ஆடவிடும்போது கொம்பும் காலும் பிரிந்து பறக்காமல் பார்த்துக்கொள்ள, நான் செய்வது பழைய கோரல் பழக்கம்தான்: இல்லஸ்ட்ரேட்டரில் எழுதி அவுட்லைனாக்கி, அதாவது எழுத்தை வெறும் வடிவமாக மாற்றிக் கொண்டுவருவது. "கர்வ் பண்ணி அனுப்பு" என்று தினமும் சொல்லிப் பழகியவர்களுக்கு இது புதிதில்லை. நான்கைந்து மாதம் பிடிக்கும். செயலிகளில் ஓடும் சின்னச் சின்ன அசைவுப் படங்களையும் இதிலேயே செய்து லாட்டி என்ற அனிமேஷன் ஃபைல் வடிவில் கொடுக்கலாம் என்பதால், பின்னாளில் ஃபிக்மா பக்கம் போகவும் ஒரு கதவு திறந்தே இருக்கிறது.

## பிளெண்டர்: விலை இல்லை, வருடம் உண்டு

முப்பரிமாண மென்பொருள். சுத்தமாக இலவசம், 2002இல் மக்களிடம் ஏழே வாரத்தில் ஒரு லட்சம் யூரோ திரட்டி, மூலநிரலை வாங்கித் திறந்துவிட்டார்கள். 2025இல் ஆஸ்கர் வாங்கிய லாட்வியா நாட்டு அனிமேஷன் படம் இதில் செய்ததுதான். அதைக் கேட்டுப் புல்லரித்து உட்காருபவர்களில் பெரும்பாலோர் இணையத்தில் புகழ்பெற்ற அந்த டோனட் பயிற்சியைச் செய்துவிட்டு எழுந்துபோய்விடுகிறார்கள்.

இதற்கு ஒரு வருடம் வேண்டும், நல்ல கிராஃபிக்ஸ் கார்டு வேண்டும். உள்ளூர் வேலைக்கு என்றால் விளம்பரங்களைப் பாருங்கள்: சினிமா விஎஃப்எக்ஸ் (காட்சி மாயம்) நிறுவனங்கள் மாயா, ஹூடினி, நியூக் கேட்கின்றன, உள்ளலங்காரக்காரர்கள் ஸ்கெட்ச்அப், 3டிஎஸ் மேக்ஸ் கேட்கிறார்கள். பேக்கேஜிங் ஆட்களுக்கு மட்டும் கதை வேறு. அட்டைப்பெட்டியின் டைலைனை (வெட்டு, மடிப்புக் கோடுகளின் வரைபடத்தை) மடித்து, ஃபாயில் மின்ன, மேசைமேல் நிற்பதுபோல் காட்டிவிட்டால், வாடிக்கையாளர் மாதிரிப்பெட்டி அடிக்காமலே ஒப்புதல் தந்துவிடுவார். டிசைனுக்கு ஒரு கூலி, அந்தப் படத்துக்குத் தனிக் கூலி. தமிழ் எழுத்தை எஸ்விஜி என்ற வரைபட ஃபைலாக வெளியிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

## ஒரு பார்வையில்

| | இன்டிசைன் | ஃபிக்மா | ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் | பிளெண்டர் |
|---|---|---|---|---|
| கூட வரும் பழைய அறிவு | ஏறக்குறைய முழுதும் | பாதி. தமிழ்க்கண் கூடுதல் பலம் | போட்டோஷாப் அறிவு | பேக்கேஜிங் என்றால் கொஞ்சம் |
| வேலைக்குத் தயாராக (என் கணிப்பு) | 2 மாதம் | 6 மாதத்துக்குமேல் | 4-5 மாதம் | ஒரு வருடம் |
| மென்பொருள் செலவு | சந்தா | தொடங்க இலவசம் | சந்தா | இலவசம் |
| கணினி | இருப்பதே போதும் | இருப்பதே போதும் | 16-32 ஜிபி ரேம் | கிராஃபிக்ஸ் கார்டு |
| கண்ணில் படாத செலவு | பழைய ஃபைல், எழுத்துரு மாற்றம் | சம்பளம் குறைந்து தொடங்குவது | திருத்தம், ரெண்டர் நேரம் | பாதியில் விட்டுவிடும் ஆபத்து |
| பக்கத்து மேசையில் | பதிப்பாசிரியர் | புரோகிராமர் | வீடியோ எடிட்டர், விழா வீட்டார் | விளம்பர நிறுவனம், தயாரிப்பாளர் |

தயார் வடிவங்களை வைத்து உலாவியிலேயே டிசைன் செய்யும் கேன்வாவை ஏன் சேர்க்கவில்லை என்று கேட்பீர்கள். அதை ஒரு ஞாயிற்றுக்கிழமை கற்றுக்கொள்ளலாம், கற்றுக்கொள்ளவும் வேண்டும். வாடிக்கையாளரே அதில் செய்து கொண்டுவருகிறார், திரைக்கான ஆர்ஜிபி நிறத்தில், பிளீட் இல்லாமல். அதைச் சரிசெய்து அச்சுக்கு அனுப்பத் தெரிந்தால் போதும். அஃபினிட்டி என்ற டிசைன் மென்பொருளை 2024இல் கேன்வா வாங்கியது, அடுத்த வருடம் இலவசமாக்கிவிட்டது. சந்தா கட்ட முடியாதவர்கள் பார்க்கலாம். ஆனால் நாலு பக்கம் தமிழில் தட்டிப் பார்த்து, கொம்பு சரியாக நிற்கிறதா என்று உறுதிசெய்த பிறகே வேலைக்கு எடுங்கள்.

## மூவருக்கும் சொன்னது

மதுரைத் தம்பிக்கு ஆஃப்டர் எஃபெக்ட்ஸ். ஃபிக்மாதான் வேண்டும் என்று ஒரு மணி நேரம் வாதாடினான். இரண்டு பிள்ளைகள், வாடகை வீடு, ஆறு மாதம் வருமானம் குறைந்தால் தாங்காது என்று அவனே கடைசியில் சொன்னான். ரேம் கூட்டுவதற்கு மட்டும் செலவு செய்திருக்கிறான். கடைக்கு வந்த ஒரு காதுகுத்து வீட்டாருக்கு இருபது விநாடி வீடியோ செய்து கொடுத்துவிட்டான். முருகன் படத்துக்குப் பின்னால் ஒளி சுற்றுவது கொஞ்சம் ஜாஸ்தி.

சிவகாசிக்காரருக்கு நான்கில் எதையும் உடனே சொல்லவில்லை. இன்னும் கோரலிலேயே டைலைன் போடுகிறார். நிறங்கள் சேரும் இடத்தைச் சரிபார்க்கும் டிராப்பிங், ஓவர்பிரிண்ட் எல்லாம் பிளேட் எடுப்பவர் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிட்டிருக்கிறார். முதலில் இல்லஸ்ட்ரேட்டர், பிரிபிரஸ் (அச்சுக்கு முந்தைய தயாரிப்பு), அதன்பிறகு பிளெண்டர்.

சென்னைத் தங்கைக்கு ஃபிக்மா, ஆனால் இன்டிசைன் வழியாக. இன்டிசைன் ஏற்கெனவே பாதி தெரியும் என்பதால், ஒரு பதிப்பகத்துக்கு வீட்டிலிருந்தே புத்தகம் செய்துகொடுத்து மாதச் செலவுக்கு எடுக்கிறார். மிச்ச நேரத்தில் ஃபிக்மா. முதல் போர்ட்ஃபோலியோவாகத் தெருவில் பால் ஊற்றுபவருக்கு ஒரு பால்கணக்குச் செயலி வரைந்துகொண்டிருக்கிறார். போன வாரம் முதல் திரையை அனுப்பியிருந்தார். பச்சைப் பொத்தானில் "கட்டணம் செலுத்துக" என்று இருந்தது. மறுநாள் திருத்திய படம் வந்தது, கூடவே ஒரு குறிப்பும்: "அண்ணா, பால்காரரிடம் காட்டினேன். இது யாருக்கும்மா, கரண்ட் ஆபீசுக்கா என்று கேட்டுவிட்டார்." பொத்தானில் இப்போது "பணம் கட்டு" என்று இருக்கிறது. பொத்தானும் பாதியாகச் சுருங்கிவிட்டதால் பக்கத்தில் "பாக்கி" என்று இன்னொன்றுக்கு இடம் கிடைத்திருக்கிறது.